வலது பக்கச் சிலிண்டர்

கூலிம்,
4 மார்ச் 2024

பிரமிளாவுக்கு,

அய்யாக்கண்ணு எழுதுவது. என் கையெழுத்து உனக்கு அடையாளம் தெரியாது. ஒரே வீட்டில் இருந்தபோது எழுத வேண்டிய அவசியம் வந்ததில்லை.

நீ ஜுருவில் ஒரு ஹைட்ராலிக் பட்டறையில் வேலை செய்வதாகத் தீவனக் கடை ராமசாமி சொன்னார். அவரிடம்தான் முகவரி வாங்கினேன். போன் செய்யுங்கள் என்றார். போனில் உன்னைக் கூப்பிட்டுவிட்டு என்ன பேசுவது என்று தெரியவில்லை. எழுதினால் அடித்துத் திருத்தலாம்.

விஷயம் லோடர்தான். நம் பண்ணையில் நீ இருந்த காலத்தில் நீயே பார்த்துக்கொண்ட அதே டிராக்டர். முன்னால் பக்கெட்டைத் தூக்கும் இரண்டு கைகளில் வலது கையின் சிலிண்டர் ஆயில் ஒழுகுகிறது. நிறுத்திய இடத்தில் காலையில் பார்த்தால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஆயில் தேங்கி நிற்கிறது. தூக்கி வைத்த பக்கெட்டும் தானாக இறங்குகிறது. டவுன் பட்டறையில் ரப்பர் சீல் மாற்றினார்கள். தீபாவளிக்கு முன்பு ஒன்று, பொங்கல் கழித்து ஒன்று. இரண்டாவது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. "பழைய வண்டி அங்கிள், அப்படித்தான் இருக்கும் லா" என்கிறார் பட்டறைக்காரர்.

சாணத்தைக் கையால் அள்ளித் தீராது என்பது உனக்குத் தெரியும். கொட்டகையில் வேலை செய்யும் மோகனா அந்தப் பக்கெட்டுக்குக் கீழே நின்றுதான் வழிக்கிறாள். நகரச் சொன்னால், "அது மெதுவாத்தானே இறங்குது" என்கிறாள்.

உன்னை வரச் சொல்லவில்லை. நீயும் சுகுமாரனும் பிரிந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. வீட்டில் உன் பெயரை யாரும் எடுப்பதில்லை. நான் எழுதுவது என் மகனுக்கும் தெரியாது, உன் அத்தை மீனாட்சிக்கும் தெரியாது. என்ன செய்வதென்று மட்டும் சொல். பதிலை ராமசாமியின் கடைக்கு அனுப்பு.

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அய்யாக்கண்ணு


சுங்கை பினாங், ஜார்ஜ் டவுன்,
9 மார்ச் 2024

திரு. அய்யாக்கண்ணு அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் மோகனாவை அந்தப் பக்கெட்டுக்குக் கீழிருந்து விலக்குங்கள். மெதுவாக இறங்குவது எப்போதும் மெதுவாகவே இறங்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

வெளியே ஒழுகுவதும் பக்கெட் இறங்குவதும் ஒரே நோயாக இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். சிலிண்டர் என்பது ஓர் இரும்புக் குழாய். அதற்குள் ஒரு தண்டு போய் வருகிறது. தண்டு வெளியே வரும் வாயில் ஒரு சீல் இருக்கிறது. அது போனால் ஆயில் வெளியே கொட்டும், கண்ணுக்குத் தெரியும். தண்டின் உள் முனையில் பிஸ்டன். அதைச் சுற்றியும் ஒரு சீல். அது போனால் ஆயில் உள்ளுக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கசியும். தரையில் ஒரு சொட்டும் விழாது, ஆனால் பக்கெட் இறங்கும். பக்கெட்டை இயக்கும் வால்வு தேய்ந்திருந்தாலும் இறங்கும்.

லோடரின் கைகளைத் தூக்கி, இரண்டுக்கும் கீழே இரும்பு முட்டுக் கொடுங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு லீவர்களை முன்னும் பின்னும் அசைத்து உள்ளிருக்கும் அழுத்தத்தை விடுங்கள். அதன் பிறகு தண்டைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் நீளவாக்கில் பாருங்கள். நகத்தால் இழுத்துப் பாருங்கள். எங்காவது நகம் தட்டினால் எழுதுங்கள். இடது பக்கத்தையும் அப்படியே.

பிறகு முட்டுகளை எடுத்துவிட்டு, பக்கெட்டை இடுப்பு உயரத்தில் வைத்து இன்ஜினை நிறுத்துங்கள். தள்ளி நின்று அது எப்படி இறங்குகிறது என்று பாருங்கள்.

இன்ஜின் ஓடும்போது கசிவைத் தேடுவதானால் ஓர் அட்டையை நீட்டித் தேடுங்கள். கையால் தடவக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டும் கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இப்போது வண்டியை யார் ஓட்டுகிறார்கள், சாணம் தவிர வேறெதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதையும் எழுதுங்கள். எந்த வாடிக்கையாளரிடமும் இதைக் கேட்பேன்.

பிரமிளா


கூலிம்,
17 மார்ச் 2024

பிரமிளாவுக்கு,

மோகனாவுக்கு வேறு பக்கம் வேலை கொடுத்துவிட்டேன்.

நீ சொன்னபடி எல்லாம் பார்த்தேன். சுகுமாரன் பால் கொடுக்கப் போயிருந்த சமயம். வலது தண்டில் நடுப்பகுதிக்குக் கொஞ்சம் மேலே நீளமாக ஒரு கீறல். நகம் நன்றாகத் தட்டுகிறது. அதைச் சுற்றிக் குரோம் பூச்சு அம்மைத் தழும்பு மாதிரி உதிர்ந்திருக்கிறது. வாயைச் சுற்றி ஆயில் வளையம் கட்டியிருக்கிறது. இடது தண்டு வழவழப்பாக இருக்கிறது.

இடுப்பு உயரத்தில் வைத்த பக்கெட், நான் ஒரு கோப்பை தேநீர் குடித்து முடிப்பதற்குள் தரையைத் தொட்டுவிட்டது.

இன்ஜின் ஓடும்போது லோடரின் வலது கைக்குப் பின்னால், ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் இரும்பில் உரசும் இடத்தில், புகை மாதிரி லேசாக ஒன்று தெரிந்தது. சூடாக இருந்ததால் ஆவி என்று விட்டுவிட்டேன்.

வண்டியை ஓட்டுவது சுகுமாரன்தான். நீ போன பிறகு அவன் ஓட்டும் விதம் மாறிவிட்டது. ஜனவரியில் வேலி ஓரம் இருந்த பழைய செம்பனை அடிமரத்தைப் பக்கெட் நுனியால் நெம்பித் தள்ளினான். நான் வேண்டாம் என்றேன். டிராக்டரின் பின் சக்கரம் தூக்கிக்கொண்டது. மரம் அசையவில்லை.

ஒன்று எழுத வேண்டும். எழுதுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ வீட்டைவிட்டுப் போனதை எனக்கு நீ சொல்லவில்லை. மீனாட்சியிடம் சொல்லிவிட்டுப் போனாய். நான் மாலையில் வந்து உன் மோட்டார் சைக்கிளைக் காணோமே என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அது எனக்கு வருத்தம்.

அய்யாக்கண்ணு


சுங்கை பினாங்,
20 மார்ச் 2024

மாமாவுக்கு,

திரு என்று போட்டு எழுத வரவில்லை. பழக்கம்.

நீங்கள் பார்த்தது ஆவி இல்லை. அந்த ஹோஸில் ஊசித் துளை விழுந்திருக்கிறது. ஒழுகும் சிலிண்டரைவிட அதுதான் ஆபத்து. படித்ததும் ராமசாமி அண்ணன் கடைக்குப் போன் செய்து, ஹோஸ் மாற்றும்வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று உங்களிடம் சொல்லச் சொன்னேன். சொல்லியிருப்பார். அதன் அளவு எனக்குத் தெரியும், மாட்டியது நான். புதிய ஹோஸ் ஒன்று செய்து அவருடைய லோரியில் அனுப்புகிறேன்.

டவுன் பட்டறைக்காரர் மேல் தவறில்லை. கீறல் விழுந்த தண்டு அரம் மாதிரி. எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் ஒவ்வொரு தடவை போய் வரும்போதும் அதை அறுக்கும். சாண நீர் பட்டுக் குரோம் உதிர்ந்திருக்கிறது. பக்கெட் இறங்குவதற்குக் காரணம் செம்பனை மரமாக இருக்கலாம். தண்டு வளைந்திருந்தால் உள்ளே பிஸ்டன் ஒரு பக்கமாகச் சாய்ந்து தன் சீலைக் கிழித்துக்கொள்ளும். கழற்றாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. பக்கெட்டைத் தரையில் வைத்து, அழுத்தத்தை விட்டு, இரண்டு இரும்புப் பின்களையும் ஹோஸ்களையும் கழற்றினால் சிலிண்டர் கையில் வந்துவிடும். ஹோஸ் வாய்களைப் பிளாஸ்டிக் சுற்றிக் கட்டுங்கள், தூசி போகக் கூடாது. சிலிண்டரை ஜுருவுக்கு அனுப்புங்கள்.

உங்கள் வருத்தத்துக்குப் பதில். நான் உங்களிடம் சொன்னேன், மாமா. போவதற்கு முந்தின வாரம் கொட்டகை வாசலில் நின்று, "ஜுருவுல வேலை கெடைச்சிருக்கு, அவர் விடமாட்டேங்கிறார், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றேன். "செவப்பிக்கு மடி வீங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டு நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள்.

உங்கள் வண்டிக்குக் கீழே நான் நான்கு வருஷம் படுத்து எழுந்தேன். அப்போது அது குடும்பப் பெண்ணுக்கு அழகில்லை என்று யாரும் சொல்லவில்லை. பாலிடெக்னிக்கில் படித்ததை வெளியில் போய்ச் செய்கிறேன் என்றபோதுதான் சொன்னார்கள். அவர் சொன்னார். நீங்கள் சும்மா இருந்தீர்கள்.

பிரமிளா


கூலிம்,
2 ஏப்ரல் 2024

பிரமிளாவுக்கு,

உன் கடிதத்தை ராமசாமி கடையில் வைத்திருந்தார். தவிடு எடுக்கப் போன சுகுமாரன் கையில் கடைப் பெண் கொடுத்துவிட்டாள். அவன் பிரித்துப் படித்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து மேசைமேல் போட்டான். "இத்தனை பட்டறை இருக்கு, அவ சொல்லித்தான் நம்ம வண்டி ஓடணுமா?" என்றான். மீனாட்சி கடிதத்தை எடுத்து முழுவதும் படித்தாள். என்னிடம் தனியாக, "பொழுதோட சாப்பிடுறாளான்னு கேட்டு எழுதுங்க" என்றாள். கேட்டுவிட்டேன்.

நீ அனுப்பிய ஹோஸ் வந்தது. அதைப் பிரிக்காமல் கொட்டகைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறான். வேறு வாங்கி வந்து தானே போட்டுக்கொள்வதாகச் சொல்கிறான். வண்டி நிற்கிறது. சாணம் குவிந்துகொண்டு போகிறது. அக்கம்பக்கத்தில் ஈயைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

சிலிண்டரை அனுப்ப இப்போது முடியாது. அவனோடு சண்டை போட்டுக் கழற்ற எனக்குத் தெம்பில்லை.

கொட்டகை வாசலில் நடந்ததாக நீ எழுதியதைப் பல தடவை படித்தேன்.

அய்யாக்கண்ணு


சுங்கை பினாங்,
5 ஏப்ரல் 2024

மாமாவுக்கு,

அத்தைக்குச் சொல்லுங்கள், சாப்பிடுகிறேன். பட்டறையில் மதியச் சாப்பாடு உண்டு.

சிலிண்டரை அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் விருப்பம். ஹோஸை யார் மாட்டினாலும் சரி, எதை மாட்டினாலும் சரி. மாட்டாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

எடுத்து, யாருக்காவது கையில் ஊசி குத்தியது போல் இருந்தால், இரத்தம் வராவிட்டாலும், வலி இல்லாவிட்டாலும், பக்கத்துக் கிளினிக்கில் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். அறுவை சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். "ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோட உள்ள போயிருக்கு" என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். காத்திருந்தால் உள்ளே சதை அழுகிவிடும். எங்கள் பட்டறையில் முன்பு வேலை செய்த ஒருவருக்குக் கட்டை விரல் இல்லை. அவருக்கும் முதல் நாள் வலிக்கவில்லை.

இந்தக் கடிதத்தை அவர் பிரித்தாலும் நல்லதுதான்.

பிரமிளா


ஜார்ஜ் டவுன்,
19 ஏப்ரல் 2024

பிரமிளாவுக்கு,

ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன். சுகுமாரன் மேலே வார்டில் இருக்கிறான். உயிருக்கு ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பால் கறந்து முடித்ததும் வண்டியைக் கிளப்பினான். நான் தடுத்தேன். "எந்த ஹோஸுன்னு பாத்தாத்தானே மாத்த முடியும்" என்றான். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையுறையோடு லோடரின் வலது கைக்குப் பின்னால் தடவிக்கொண்டு போனான். சட்டென்று கையை எடுத்தான். "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு" என்று சிரித்தான். கையுறையைக் கழற்றிப் பார்த்தால் ஆள்காட்டி விரலின் அடியில் ஒரு புள்ளி. அவ்வளவுதான். இரத்தம்கூட வரவில்லை.

இன்ஜினை நிறுத்திச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். காரில் ஏறச் சொன்னேன். "சாணிய அள்ளிட்டுப் போலாம்பா, என்ன அவசரம்" என்றான். அவன் சின்ன வயதில்கூட நான் அவனை அடித்ததில்லை. அன்று சட்டையைப் பிடித்து இழுத்துக் காரில் தள்ளினேன்.

புறப்படும்போது என்னைத் திட்டிக்கொண்டே வந்தான். பாதி வழியில் விரல் வீங்கத் தொடங்கியது. தீவுக்குப் போகும் பாலத்தில் ஏறியபோது அவனால் கையை மூட முடியவில்லை.

அவசரப் பிரிவில் நீ எழுதிய வார்த்தைகளையே சொன்னேன். ஷாஹிரா என்ற டாக்டர் நான் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டார். அன்று மதியமே விரலிலிருந்து உள்ளங்கைவரை கிழித்துக் கழுவினார்கள். நேற்று மறுபடியும் கழுவினார்கள். உள்ளங்கை நடுவரை ஆயில் போயிருந்ததாம். மறுநாள் வந்திருந்தால் விரலை எடுத்திருப்பார்களாம். இப்போது விரல் இருக்கும். மடங்குமா என்று பிறகுதான் தெரியும்.

உன் பிளாட் இங்கிருந்து தூரமில்லை என்கிறாள் மீனாட்சி. வரச் சொல்லி நான் எழுதவில்லை. நடந்ததை உனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எழுதினேன்.

அய்யாக்கண்ணு


சுங்கை பினாங்,
22 ஏப்ரல் 2024

மாமாவுக்கு,

நேற்று மாலை வந்தேன். வார்டு வாசல்வரை. அத்தை அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தார். கை முழுக்கக் கட்டு. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். நீங்கள் அங்கே இல்லை.

உள்ளே வந்திருந்தால் எல்லாரும் ஒன்று நினைப்பீர்கள். நான் திரும்பி வரப் போவதாக. அது நடக்காது. அதனால் வரவில்லை. அவருடைய கை நன்றாக வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். அதையும் இதையும் சேர்க்க வேண்டாம்.

நல்ல வேலை செய்தீர்கள். சட்டையைப் பிடித்து இழுத்ததைச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம். இருவரும் சேர்ந்து விவாகரத்து கேட்கும் மனுவை என் வக்கீல் இரண்டு தடவை அவருக்கு அனுப்பினார். கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறார். மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நான் இங்கே ஒரு வாடகை பிளாட்டில், யாருடைய மனைவி என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் இருக்கிறேன். கட்டுப் போட்டுக் கிடப்பவரிடம் இதைக் கேட்கச் சொல்வது சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. எப்போது கேட்டால் சரியாக இருக்கும் என்று நீங்கள் சொல்லுங்கள். அதுவரை பொறுக்கிறேன்.

சிலிண்டரை இப்போதாவது அனுப்புங்கள். இரண்டையும் அனுப்புங்கள். வலது பக்கம் பாரம் தாங்காதபோது இடதுதான் எல்லாவற்றையும் சுமந்திருக்கும். அதையும் பார்க்க வேண்டும்.

பிரமிளா


கூலிம்,
4 மே 2024

பிரமிளாவுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டோம். கையைக் காட்ட வாரம் ஒரு தடவை தீவு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்.

சிலிண்டர்கள் இரண்டும் இந்தக் கடிதத்தோடு ராமசாமியின் லோரியில் வருகின்றன. நானும் அவருமாகக் கழற்றினோம். இரும்புப் பின்களில் ஒன்று வர மறுத்தது. சுகுமாரன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பக்கத்துலேருந்து தட்டுங்க" என்றான். தட்டினோம், வந்துவிட்டது. உன் ஹோஸையும் மாட்டிவிட்டேன். அவன் அதைப் பார்த்தான்.

எப்போது கேட்டால் சரி என்று கேட்டிருந்தாய். நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு மாட்டுக்கு மடி வீங்கியிருக்கும். அதனால் வீட்டுக்கு வந்த மறுநாளே கேட்டேன். மீனாட்சியும் பக்கத்தில் இருந்தாள்.

"அந்தப் புள்ளய எதுக்குப் புடிச்சு வச்சிருக்க?" என்றேன்.

"நான் எங்க புடிச்சேன்? அவளாத்தானே போனா."

"போனவள நீ போக விடலயே. கையெழுத்த வச்சிருக்கியே."

எழுந்து வெளியே போய்விட்டான். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நேற்று சாப்பிடும்போது அவனே சொன்னான். "நான் கையெழுத்துப் போடலன்னா திரும்பி வருவான்னு நெனச்சேன்." இடது கையால் சாப்பிடுவதால் பாதிச் சோறு தட்டுக்கு வெளியே சிந்தியிருந்தது. மீனாட்சி துடைத்துவிட்டாள்.

அவன் போடுவான் என்று நினைக்கிறேன். போட்டதும் எழுதுகிறேன்.

அய்யாக்கண்ணு


ஜுரு,
16 மே 2024

மாமாவுக்கு,

பட்டறையிலிருந்தே எழுதுகிறேன். வேலை முடிந்துவிட்டது.

வலது சிலிண்டரின் ஒரு பக்கம் அழுத்தம் கொடுத்து மறுபக்க வாயைத் திறந்து வைத்தேன். எதுவும் வரக் கூடாத அந்த வாயிலிருந்து ஆயில் கம்பியாக வந்தது. உள்ளே பிஸ்டன் சீல் கிழிந்திருக்கிறது என்பது அப்போதே உறுதியாகிவிட்டது. தண்டை எடுத்துச் சமதளத்தில் உருட்டினேன். ஓர் இடத்தில் துள்ளியது. வளைவு கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனால் போதும். செம்பனை மரம்தான். குழாயின் உட்சுவரை விளக்கு வைத்துப் பார்த்தேன். நல்ல வேளை, அங்கே கீறல் இல்லை. இருந்தால் முழுச் சிலிண்டரும் போயிருக்கும்.

வளைந்த தண்டை நிமிர்த்தலாம், சிலர் செய்வார்கள். நான் செய்யவில்லை. புதிய குரோம் தண்டு கடைந்து போட்டிருக்கிறேன். சீல்கள் எல்லாம் புதிது. தண்டை உள்ளே செருகும்போது சீலின் உதடு மடங்கிவிடாமல் ஆயில் தடவிக் கையாலேயே செருகினேன். இடது பக்கத்தில் சீல் மட்டும் மாற்றினேன், தண்டு நன்றாக இருக்கிறது. பின்களைத் தாங்கும் புஷ் வளையங்கள் இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தன. அவையும் புதிது. வால்வில் குறை இருக்கிறதா என்பது மாட்டிய பிறகுதான் தெரியும். பக்கெட் நின்றால் வால்வு நல்லது.

மாட்டியதும் உடனே பாரம் தூக்காதீர்கள். உள்ளே காற்று இருக்கும். வெறும் பக்கெட்டை மெதுவாக ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். ஆயில் அளவு குறையும், ஊற்றுங்கள். சாணம் அள்ளி முடித்ததும் தண்டுகளைத் தண்ணீரில் கழுவித் துடைத்து ஆயில் தடவி வையுங்கள். பக்கெட் நுனியால் எதையும் நெம்பக் கூடாது.

நீங்களே வந்து எடுத்துக்கொள்வதாக ராமசாமி அண்ணன் சொன்னார். நான் வேறு வேலையில் இருக்கலாம். பெயரைச் சொன்னால் கொடுப்பார்கள்.

பிரமிளா


கூலிம்,
11 ஜூன் 2024

பிரமிளாவுக்கு,

அன்று பட்டறைக்கு வந்தபோது நீ மண் தோண்டும் ஒரு பெரிய எக்ஸ்கவேட்டருக்கு அடியில் இருந்தாய். கால்கள் மட்டும் தெரிந்தன. உன்னைக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்றேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உன்னைவிட வயதில் பெரிய ஆட்கள் குனிந்து உன்னிடம் கேட்டுக்கேட்டு வேலை செய்தார்கள். நீ வெளியே வந்து என்னைப் பார்த்ததும் முகம் துடைத்துக்கொண்டாய். ஆயில் கையாலேயே துடைத்து முகமெல்லாம் கறுப்பாகிவிட்டது. அதை இப்போதுதான் சொல்கிறேன்.

சிலிண்டர்களை மாட்டிவிட்டோம். காற்று போகும்வரை கைகள் உதறிக்கொண்டே ஏறின. பிறகு சரியாகிவிட்டது. காலைக் கறவைக்கு முன் பக்கெட்டை இடுப்பு உயரத்தில் வைத்தோம். மாலைக் கறவைக்கும் அதே உயரத்தில் நின்றது. தரையில் ஆயில் இல்லை. குவிந்த சாணத்தை அள்ளி முடித்தாயிற்று. மோகனாவைப் பக்கெட்டுக்குக் கீழே இன்னமும் விடுவதில்லை. முறைத்துக்கொள்கிறாள்.

பக்கத்தில் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் ரோஹானா வந்து பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். ஜுருவில் பிரமிளா என்று ஒரு மெக்கானிக் என்றேன். உங்கள் மருமகள் பெயரும் அதுதானே என்றார். அவர்தான் என்றேன். அவருடைய பண்ணை வண்டிக்கும் உன்னைக் கூப்பிடப் போகிறார். வருவதும் வராததும் உன் விருப்பம். அவர் வீட்டுக்கு நம் வாசலைத் தாண்டாமலே வேறு பாதையில் போகலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மனுவில் நேற்று கையெழுத்துப் போட்டான். வக்கீலிடம் நான்தான் கூட்டிப் போனேன். வலது கையால் பேனா பிடிக்க முடியவில்லை. இடது கையால் போட்டான், கோணலாக வந்தது. கைரேகையும் வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது காரை நிறுத்தச் சொன்னான். இறங்கிக் கொஞ்ச நேரம் சாலை ஓரத்தில் நின்றுவிட்டு வந்து ஏறினான்.

மீனாட்சி உனக்கு ஒரு போத்தல் நெய் அனுப்பச் சொன்னாள். ராமசாமியிடம் கொடுத்திருக்கிறேன்.

அய்யாக்கண்ணு


சுங்கை பினாங்,
22 நவம்பர் 2024

மாமாவுக்கு,

நெய் கிடைத்தபோதே எழுதியிருக்க வேண்டும். அத்தைக்குச் சொல்லுங்கள், காலியாகிவிட்டது.

நேற்று கோர்ட்டில் எல்லாம் முடிந்தது. உங்கள் மகன் வந்து சொல்லியிருப்பார், என்றாலும் நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது. உள்ளே அதிக நேரம் ஆகவில்லை. இருவருக்கும் சம்மதம்தானா என்று நீதிபதி கேட்டார். உங்கள் மகன் முதலில் ஆமாம் என்றார், பிறகு நான். அதற்குள் அடுத்த ஜோடியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் வக்கீல்கள் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் தாழ்வாரத்தில் நின்றோம். விரல் மடங்குகிறதா என்று கேட்டேன். "பாதி" என்று காட்டினார். தழும்பு உள்ளங்கைவரை இருக்கிறது. வலிக்கிறதா என்றேன். மழை வந்தால் தெரியும் என்றார். நான் மோட்டார் நிறுத்திய பக்கம் நடந்தேன்.

பின்னாலேயே வந்து, "பிரமிளா" என்றார். நின்றேன்.

"அந்த ஹைட்ராலிக் ஆயில எப்ப மாத்தணும்? அப்பாவுக்குச் சரியாத் தெரியல."

சொன்னேன். ஃபில்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஆயில் பால் மாதிரி வெளுத்தால் காத்திருக்காமல் மாற்ற வேண்டும் என்றேன்.

"பால் மாதிரி ஆனா என்ன அர்த்தம்?"

"தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம்."

"தண்ணி எங்கேருந்து வரும்?"

டேங்க் மூடி சரியாக மூடாவிட்டால் மழையில் போகும், கழுவும்போதும் போகும் என்று விளக்கினேன். மூடியின் ரப்பர் வளையத்தை எப்படிப் பார்ப்பது என்றும் கேட்டார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பட்டறைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இருந்தாலும் சொன்னேன்.

உங்கள் வீட்டில் இருந்த நான்கு வருஷமும் அவர் என்னிடம் நிறையப் பேசியிருக்கிறார். சொல்வார், திருத்துவார், கோபித்துக்கொள்வார். ஒன்றையும் கேட்டதில்லை. வண்டி எப்படி ஓடுகிறது என்றுகூடக் கேட்டதில்லை. நேற்று, கணவன் மனைவி என்ற உறவு முடிந்து அரை மணி நேரம் ஆவதற்குள், கேட்டார். நடுவில் குறுக்கே பேசவில்லை. நான் சொல்வது முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் போனார்.

பிரமிளா